பட்டனை அழுத்தினால் மறுமுனையில் யார்?

ஆபத்தில் பட்டனை அழுத்தி உதவிக்கு அழைக்கப் பிள்ளைகள் கையில் கட்டும் எஸ்.ஓ.எஸ். வாட்ச், பையில் தொங்கவிடும் டேக், பின்னை இழுத்தால் அலறும் அலாரம் என்று இவற்றைப் பற்றியே நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றின் பதில் இன்னொருவருக்கும் உதவும் என்பதால் இந்த இதழின் பக்கங்களை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டவர்களுக்கு மட்டும் நேரடிப் பதில் இல்லை. மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கும். எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியபின் என்ன செய்வது என்பதைச் சொல்கிறேன்.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்குத் தனியாக நடந்து போகத் தொடங்கியிருக்கிறாள். வாட்ச் வாங்குவதா, சின்ன டேக் போதுமா, அலாரம் வாங்கித் தருவதா? தேடத் தேடக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.
— ஓர் அம்மா

பதில்: மூன்றும் "குழந்தைப் பாதுகாப்பு" என்ற ஒரே பெயரில் விற்கப்படுவதால் வரும் குழப்பம் இது. மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு.

டேக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் தவறான நம்பிக்கை அதிகம். பெரும்பாலான டேக்குகளில் ஜி.பி.எஸ்.ஸும் கிடையாது, சிம்மும் கிடையாது. புளூடூத் சிக்னலை விட்டுக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் யாராவது போனோடு கடந்து போனால் அந்தப் போன் இடத்தைக் குறித்து அனுப்பும், அதை நீங்கள் பார்ப்பீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், அதாவது நீங்கள் அதிகமாகப் பயப்படும் இடத்தில், அது எதுவும் சொல்லாது. 2021-ல் வந்த ஏர்டேக்கைப் பற்றி ஆப்பிள் நிறுவனமே அது பொருட்களைத் தேடுவதற்குத்தான், ஆட்களைக் கண்காணிக்க அல்ல என்று சொல்லியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக, முன்பின் தெரியாத டேக் ஒன்று ஒருவரின் கூடவே வந்தால் அவருடைய போன் அவரை எச்சரிக்கும்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் குழந்தையை யாராவது அழைத்துக்கொண்டு போனால் அவருடைய போனுக்கும் அந்த எச்சரிக்கை போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரும்பாலான டேக்குகளில் குழந்தை அழுத்தி உதவி கேட்க ஒரு பட்டன் இல்லை. புத்தகப் பை தொலைந்தால் கண்டுபிடிக்க அது போதும்.

அலாரம் எளிமையானது. பின்னை இழுத்தால் 120 டெசிபல் அளவுக்கு அலறும். இடம் சொல்லாது, யாரையும் அழைக்காது, ஆனால் சிக்னல் வேண்டாம், தினமும் சார்ஜ் போட வேண்டாம், இழுத்த நொடியில் சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வாட்ச் கட்டினாலும் பையின் தோள்வாரில், கைக்கு எட்டும் இடத்தில் இதையும் மாட்டிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். காதருகே வைத்து இழுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். அந்தச் சத்தம் காதைக் கெடுக்கும்.

தனியாக நடந்து போகும் பிள்ளைக்கு சிம் போட்ட வாட்ச்தான் சரி. பேசலாம், இடம் தெரியும், பட்டன் இருக்கிறது. வாங்குமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். 4ஜி-யில் வேலை செய்யுமா? வகுப்பு நேரத்தில் வாட்சை முடக்கிவைக்கும்போதும் எஸ்.ஓ.எஸ். மட்டும் வேலை செய்யுமா? நீங்கள் பதிந்த எண்களைத் தவிர வேறு யார் அழைத்தாலும் எடுக்காமல் தடுக்குமா? விற்பவர் "எல்லாம் இருக்கு" என்று பொதுவாகத் தலையாட்டினால் விடாதீர்கள், அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான், வரைபடமோ அவன் நானூறு மீட்டர் தள்ளி ஏதோ சாலையில் நிற்பதாகக் காட்டுகிறது. பதறிப்போய் பள்ளிக்குப் போன் செய்துவிட்டேன். வாட்ச் பழுதா?
— ஓர் அப்பா

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. வாட்ச் அவற்றின் சிக்னலைக் கேட்கிறது, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கிறது. திறந்த வானத்தின் கீழே சில மீட்டர் துல்லியம் கிடைக்கும். கான்கிரீட் கூரைக்குள் அந்த மெலிந்த சிக்னல் சரியாக வராது, உயரமான கட்டடங்களுக்கு நடுவே சுவரில் பட்டுத் தெறித்து வந்து கணக்கைக் குழப்பும். அப்போது வாட்ச் பக்கத்திலுள்ள வைஃபையைப் பார்த்துச் சொல்லும், அதுவும் இல்லாவிட்டால் செல்போன் டவரைப் பார்த்து உத்தேசமாகச் சொல்லும். டவர் கணக்கில் பல நூறு மீட்டர் தள்ளிக் காட்டுவது சகஜம். இப்படிக் கிடைத்த இடத்தை உங்கள் போனுக்கு அனுப்புவது சிம்மின் வேலை, அங்கே டவர் கிடைக்காவிட்டால் அதுவும் நடக்காது.

அதனால் வரைபடத்தில் புள்ளியைப் பார்ப்பதற்கு முன் இரண்டைப் பாருங்கள். புள்ளியைச் சுற்றி வட்டம் காட்டினால் அது எவ்வளவு பெரியது, பிள்ளை அதற்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அடுத்து, அந்த இடம் எத்தனை மணிக்குப் பதிவானது. பேட்டரியை மிச்சப்படுத்த பல வாட்சுகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் இடத்தைப் புதுப்பிக்கின்றன. "நீங்கள் வரைபடத்தில் குறித்த எல்லையைப் பிள்ளை தாண்டினால் தகவல் வரும்" என்கிற வசதியும் இதே காரணத்தால் தாமதமாகத்தான் வரும். பிள்ளை தாண்டிய நொடியில் மணியடிக்கும் என்று நம்பி விளையாடவிட்டு உள்ளே போய்விடாதீர்கள், முக்கியமாகத் தண்ணீருக்குப் பக்கத்தில்.

மகனுக்கு ஒன்றைப் பழக்குங்கள். "எங்கே இருக்கே?" என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் "இங்கேதான்" என்பார்கள். "உனக்கு எதிர்ல என்ன தெரியுது, பலகையில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டுப் பதில் சொல்லப் பழக்கினால், நானூறு மீட்டர் பிசகிய வரைபடத்தோடும் நீங்கள் அவனைக் கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: எட்டு வயதுப் பேரனுக்கு வாட்ச் வாங்கிக் கொடுத்தார்கள். புதுசில் விளையாட்டாக எஸ்.ஓ.எஸ். பட்டனை அடிக்கடி அழுத்திவிட்டான். மகனும் மருமகளும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவனைத் திட்டித் தீர்த்தார்கள். போன வாரம் விளையாடும்போது விழுந்து கை வீங்கி, வெகுநேரம் தனியாக அழுதுகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். கையில் வாட்ச் இருந்தது, பட்டனைத் தொடவே இல்லை. ஏனென்று கேட்டால் "திட்டுவீங்க" என்கிறான்.
— ஒரு தாத்தா

பதில்: ஐயா, வந்த கடிதங்களிலேயே எனக்கு மனசு கனத்த கடிதம் உங்களுடையது. பேரன் மேல் எந்தத் தவறும் இல்லை. பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும் என்று பெரியவர்கள் அவனுக்குக் காட்டினார்கள், அதை அவன் சரியாகப் புரிந்துகொண்டான். இனி வேறொன்று நடக்கும் என்று மறுபடியும் காட்ட வேண்டும், பேச்சில் மட்டும் சொன்னால் நம்ப மாட்டான்.

முதலில் அப்பாவும் அம்மாவும் அவனை உட்காரவைத்து, "நாங்க திட்டினது தப்பு. இனிமே நீ எதுக்காக அழுத்தினாலும், தெரியாம அழுத்தினாலும், திட்ட மாட்டோம்" என்று சொல்லட்டும். பிறகு ஒத்திகை. அவனைத் தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போய் நிறுத்துங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். பட்டனை அவனே அழுத்தட்டும். பல வாட்சுகளில் சில நொடிகள் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், கை நடுங்கும் பிள்ளை பாதியிலேயே விட்டுவிடும், அதனால் அதிரும்வரை விடாதே என்று விரலுக்குப் பழக்க வேண்டும். வாட்ச் முதலில் அம்மாவை அழைக்கும். அம்மா வேண்டுமென்றே எடுக்காமல் விடட்டும். அடுத்து அப்பாவுக்குப் போகிறதா என்று பாருங்கள்.

பல குடும்பங்களில் இங்கேதான் குட்டு வெளிப்படும். அம்மா எடுக்காதபோது அவர் போனில் வாய்ஸ்மெயில் எடுத்துக்கொண்டால், "யாரோ எடுத்துவிட்டார்கள்" என்று நினைத்து அடுத்த எண்ணை அழைக்காமலேயே நின்றுவிடும் வாட்சுகள் உண்டு. பிள்ளை பேசுகிறது, மறுமுனையில் ஒரு பதிவுக் குரல். இன்னொரு போனில் வாட்சின் எண்ணைப் பதிந்துவைக்காததால் விளம்பர அழைப்பு என்று தடுக்கப்பட்டிருக்கும். மூன்றாவது போனில் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே அந்த ஆப்பைத் தூங்கவைத்திருக்கும், தகவல் வந்து சேராது. கூட்டத்தில் இருக்கிறோம் என்று சைலண்டில் போட்டிருப்பார்கள். இவை எதுவும் வாட்சின் பெட்டியில் எழுதியிருக்காது, செய்து பார்த்தால் மட்டுமே தெரியும். எடுக்க வேண்டிய ஒவ்வொருவர் போனிலும் வாட்சின் எண்ணைப் பதியுங்கள், சைலண்டிலும் அந்த ஒரு எண்ணுக்கு மணி அடிக்கும்படி வையுங்கள், வாய்ஸ்மெயிலை நிறுத்துங்கள், ஆப்பைப் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குங்கள்.

யார் எண் முதலில் என்பதை உறவுமுறையை வைத்து முடிவு செய்யாதீர்கள். யார் உடனே எடுப்பார், யார் சீக்கிரம் போய்ச் சேர முடியும் என்பதுதான் கணக்கு. நீங்கள் பகலில் வீட்டில் இருப்பவர் என்றால், ஐயா, முதல் எண் உங்களுடையதாக இருப்பதுதான் நியாயம். கடைசி எண்ணாவது குடும்பத்துக்கு வெளியே, பள்ளிக்கு அருகில் இருக்கும் நம்பகமான ஒருவருடையதாக இருக்கட்டும். எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருப்பதால் அது போலீசுக்கோ ஆம்புலன்சுக்கோ போகும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் நாம் பதிந்த எண்களுக்கு மட்டும்தான் போகும். உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணை அந்த வாட்சில் அழைக்க முடியுமா என்று தனியாகப் பாருங்கள்.

அடுத்து, எப்போது அழுத்துவது. பெரிய பட்டியல் போட்டுக் கொடுத்தால் பயத்தில் ஒன்றும் ஞாபகம் வராது. "வலிச்சா, வழி தெரியலன்னா, யாராவது பயமுறுத்தினா அழுத்து. அழுத்தலாமா வேண்டாமான்னு சந்தேகம் வந்தாலும் அழுத்து." இதுவே போதும். அழுத்திய பிறகு ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போய் அங்கேயே நில், நகராதே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாருடைய எண்ணாவது ஒன்று மனப்பாடமாக இருக்கட்டும், வாட்ச் உடைந்தாலும் இன்னொருவர் போனில் அழைக்கலாம்.

ஒத்திகையை அவ்வப்போது சொல்லாமல் கொள்ளாமல் செய்யுங்கள். தெரியாமல் அழுத்திவிட்டால் "சரி, நல்லா வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.

கேள்வி: என் குழந்தையின் வாட்சில், குழந்தைக்குத் தெரியாமலேயே சுற்றி நடப்பதைக் கேட்கும் வசதி இருக்கிறது. பார்த்துக்கொள்பவர் எப்படி நடத்துகிறார் என்று தெரிந்துகொள்ள அதைப் பயன்படுத்தலாமா? பெயர் வேண்டாம்.
— ஒரு வாசகி

பதில்: வேண்டாம், முடிந்தால் அந்த வசதியே இல்லாத வாட்சுக்கு மாறிவிடுங்கள். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் ஒட்டுக்கேட்க முடிகிற கருவியை இன்னொருவரும் ஒட்டுக்கேட்க முடியும். 2017 அக்டோபரில் நார்வே நாட்டு நுகர்வோர் அமைப்பு குழந்தைகளுக்கான சில வாட்சுகளைச் சோதித்துப் பார்த்தது. முன்பின் தெரியாத ஆள் குழந்தை இருக்கும் இடத்தைப் பின்தொடரக்கூடிய அளவுக்கு ஓட்டைகள் இருந்தன, எஸ்.ஓ.எஸ். வசதியே ஒழுங்காக இல்லாத வாட்சும் அதில் இருந்தது. அடுத்த மாதமே ஜெர்மனி, ஒட்டுக்கேட்கும் வசதியுள்ள குழந்தைகள் வாட்சுகளைத் தடைசெய்து, வைத்திருப்பவர்கள் அவற்றை அழித்துவிடும்படி சொன்னது. பெற்றோர்கள் வகுப்பில் ஆசிரியர் பேசுவதைக் கேட்கப் பயன்படுத்தியதையும் அந்த நாட்டு அதிகாரிகள் காரணமாகச் சொன்னார்கள். 2019-ல் அவாஸ்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சுமார் ஆறு லட்சம் ஜி.பி.எஸ். கருவிகள் 123456 என்ற பாஸ்வேர்டோடு அப்படியே இணையத்தில் திறந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். வாங்கிய அன்றே பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் நம் வீட்டுக் கருவியும் அந்தக் கணக்கில் சேரும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துபவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். இருக்க வேண்டிய வீட்டில், இருக்க வேண்டிய நேரத்தில்தான் குழந்தை இருக்கும். வரைபடம் எல்லாம் சரியென்றே காட்டும். பார்த்துக்கொள்பவர் மேல் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது என்றால் ஆதாரம் தேடிக் காத்திருக்காதீர்கள், இன்றே ஏற்பாட்டை மாற்றுங்கள். குழந்தையிடம் தனியாக, அவசரப்படுத்தாமல் பேசுங்கள், என்ன சொன்னாலும் நம்புங்கள்.

கேள்வி: எனக்கு 13 வயது. அப்பா டிராக்கர் வாட்ச் கட்டச் சொல்கிறார். ஃபிரெண்ட்ஸ் கேலி செய்கிறார்கள், நான் எங்கே நின்றாலும் "அங்க என்ன பண்ற" என்று போன் வருகிறது. கழற்றிவிடலாம் போலிருக்கிறது.
— ஒரு மாணவி

பதில்: உன் கோபம் நியாயமானதும்மா. குழந்தைகளுக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்று 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16-வது பிரிவே சொல்கிறது. ஆனால் ரகசியமாகக் கழற்றிவைப்பதைவிட அப்பாவோடு பேரம் பேசு. பட்டன் இருக்கட்டும், நீ அழுத்தினால் மட்டும் இடம் தெரியட்டும், அல்லது குறித்த நேரத்துக்குள் வீட்டுக்கு வராவிட்டால் மட்டும் அவர் பார்க்கட்டும். சட்டைக்குள் மாட்டும் சின்னக் கருவி கிடைத்தால் அதையும் கேள், யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் ஒரு வார்த்தை, இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டு: சும்மா சும்மா பார்த்துக் கேள்வி கேட்டால் பிள்ளை அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும், பிறகு நிஜமாகவே தேவைப்படும் நாளில் கையில் இருக்காது. பிள்ளைக்குத் தெரியாமல் எதையும் மாட்டிவிடாதீர்கள், பார்த்தால் பார்த்தேன் என்று சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம். ஆறு வயது, பேச்சு வரவில்லை. கதவு திறந்திருந்தால் நொடியில் வெளியே போய்விடுகிறான். வாட்சைக் கட்டினால் பிய்த்து எறிகிறான்.
— ஓர் அம்மா

பதில்: பட்டனை அழுத்தி உதவி கேட்கும் பிள்ளை இல்லை என்பதால் உங்களுக்கு வேண்டியது வேறு வகை. அவன் ஒன்றும் செய்யாமலேயே இடத்தைச் சொல்லும், அவனால் கழற்ற முடியாத கருவி. இரண்டு கையாலும் பிடித்துத் திறக்கும் கொக்கி வைத்த பட்டிகள், சாவி போட்டுத் திறக்கும் பட்டிகள் கிடைக்கின்றன. தோலில் எதுவும் படுவதே பிடிக்காது என்றால் இடுப்புப் பட்டையின் உள்பக்கமோ ஷூவிலோ தைத்துவிடும் பை இருக்கிறது. வாங்கிய முதல் நாளே நாள் முழுக்கக் கட்டாதீர்கள், சில நிமிடங்களில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போங்கள், அவனுக்குப் பிடித்த நிறத்தில், துணிப் பட்டியாகத் தேடுங்கள்.

அமெரிக்காவில் 1999-லிருந்து ப்ராஜெக்ட் லைஃப்சேவர் என்ற ஏற்பாடு நடக்கிறது. பிள்ளையின் கையில் ரேடியோ சிக்னல் விடும் பட்டி, காணாமல் போனால் பயிற்சி பெற்ற தேடல் குழுவினர் ஆன்டெனாவோடு கிளம்பி அந்தச் சிக்னலைப் பின்தொடர்ந்து தேடுவார்கள். அதில் எனக்குப் பிடித்தது பட்டியைவிட அந்தக் குழுதான். அப்படி ஒன்று உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒரு குழுவைச் சேருங்கள்: அக்கம்பக்கத்தில் சிலர், அவர்களிடம் மகனின் படம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான் என்ற தகவல், எதைப் பார்த்தால் அவன் போவான் என்ற தகவல். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் இப்போதே சொல்லிவையுங்கள். காணாமல் போன பிறகு விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

காணவில்லை என்று தெரிந்ததும் முதலில் போக வேண்டியது தண்ணீர் இருக்கும் இடத்துக்கு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இப்படி வெளியே போகும்போது உயிருக்கு வரும் பெரிய ஆபத்து தண்ணீர்தான், பலருக்கு அதன்மேல் தனி ஈர்ப்பு. ஒருவர் போனைப் பார்க்கட்டும், இன்னொருவர் வரைபடம் என்ன காட்டினாலும் குளத்துக்கோ கால்வாய்க்கோ ஓடட்டும். கதவு திறந்தால் ஒலிக்கும் மணியை வாட்சுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். நீச்சலும் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தைக்குக் கழுத்தில் கயிறு கோத்து டேக் மாட்டலாமா?
— ஒரு தாய்

பதில்: கூடாது. கயிறு எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். டேக்கின் உள்ளே இருக்கும் வட்டப் பேட்டரி அதைவிட மோசம். 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்துபோகும், உயிரே போயிருக்கிறது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். டேக் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மூடியைத் திருகாணி போட்டு இறுக்கும் உறைக்குள் வைத்து, உடையின் முதுகுப் பக்கம் உள்ளே தைத்துவிடுங்கள். கூட்டமான இடத்துக்குப் போகும்போது உங்கள் எண்ணைக் குழந்தையின் உள்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். இந்த வயதில் அது டேக்கைவிட வேகமாக உதவும்.

கேள்வி: அண்ணன் மகன் கட்டிய பழைய வாட்ச் சும்மா இருக்கிறது. என் பையனுக்குப் பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகர்

பதில்: அது 2ஜி-யில் மட்டும் இயங்கும் பழைய மாடலா என்று முதலில் பாருங்கள். பல நாடுகளில் 2ஜி, 3ஜி சேவைகளை நிறுத்திவிட்டார்கள், அங்கே அது மணி மட்டும்தான் காட்டும். 4ஜி என்றால் பயன்படுத்தலாம். அண்ணனின் ஆப் கணக்கிலிருந்து அதை நீக்கி, பழைய எண்கள் எல்லாவற்றையும் அழித்து, ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து, புது பாஸ்வேர்டோடு உங்கள் கணக்கில் சேருங்கள். பேட்டரி காலையிலிருந்து மாலை வரை தாங்குகிறதா என்று ஒரு நாள் நீங்களே பையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள். சிம்மின் காலாவதி தேதியை உங்கள் போன் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், அந்தத் தேதிக்கு முந்தின வாரத்தில் நினைவூட்டலும் போடுங்கள். ரீசார்ஜ் தீர்ந்துபோனது வாட்சில் தெரியாமலேயே போகலாம்.